தளர்த்தும் கலை, கட்டும் கலை
எளியமுறை உடற்பயிற்சி: பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரு மதிப்பீடு

வீட்டு உடற்பயிற்சி பற்றித் தமிழில் பரிந்துரைகள் நிறைய உண்டு, மதிப்பீடுகள் குறைவு. ஆசனத்துக்கும் தண்டாலுக்கும் கைபேசிக் காணொளிக்கும் ஒரே பாராட்டு கிடைக்கிறது. எந்த முறை யாருக்கு நல்லது, எதை அளவாக வைத்து நல்லது என்ற கேள்விகள் எழுவதே இல்லை. எல்லாம் நல்லதுதான் என்று சொல்லிவிட்டால் தேர்ந்தெடுக்க வேண்டியவருக்கு அதனால் பயனில்லை. ஒரு நாளில் அரை மணி நேரம்தான் கையில் இருக்கிறது என்றால், அந்த அரை மணியைக் கேட்கும் எந்த முறையும் எடைக்கல்லுக்கு உட்பட வேண்டும்.

இங்கே எடைக்கு எடுத்துக்கொள்வது வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சி. எடைபோடும் இடம், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் நோக்கிய பக்கத்தில் சிப்காட் தொழிற்பூங்காவைத் தாங்கி நிற்கும் பிள்ளைப்பாக்கம். இரண்டையும் சேர்த்து வைப்பதற்குக் காரணம் உண்டு. வேதாத்திரி 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். கூடுவாஞ்சேரியும் பிள்ளைப்பாக்கமும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள். தறியால் பிழைத்த குடும்பத்திலிருந்து வந்தவர், குடும்பத்தார் வீட்டுக்குள்ளேயே செய்வதற்காக ஒரு முறையை வகுத்தார். அதே மண்ணில் இன்று அசெம்பிளி லைனில் நின்று பிழைப்பவர்களுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது? தமிழில் வகுக்கப்பட்டு, தமிழிலேயே கற்பிக்கப்பட்டு, தமிழ்நாட்டின் சிற்றூர்கள்வரை பரவிய உடற்பயிற்சி முறை இதைப்போல் வேறொன்று இல்லை. ஆகவே பக்தியும் ஏளனமும் இல்லாத ஒரு தீர்ப்புக்கு இது உரியது.

அளவுகோல்கள்

நான்கு அளவுகோல்களை முன்வைக்கிறேன்.

முதலாவது நிறைவு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பையோ 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பையோ கேட்கிறது. அதோடு வாரத்தில் குறைந்தது 2 நாள் முக்கியத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியையும் கேட்கிறது. மூச்சிரைப்பைப் பழக்குவது, தசையைக் கட்டுவது, மூட்டுகளை வளைய வைப்பது, விழாமல் நிற்கும் திறனைக் காப்பது, உடலை ஓய்வுக்குத் திருப்புவது ஆகிய ஐந்தும் ஒரு முறைக்குள் இருக்கின்றனவா என்பதே நிறைவின் சோதனை.

இரண்டாவது ஈடு. யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் மரபில் ஒவ்வோர் ஆசனத்துக்கும் ஓர் எதிராசனம் உண்டு. முன்வளைவு உடலில் விட்டுச்செல்லும் இறுக்கத்தை அடுத்து வரும் மென்மையான எதிர் அசைவு எடுக்கும். சென்னையில் பல்லாண்டு கற்பித்த அந்த ஆசிரியரிடமிருந்து அவர் மகன் தேசிகாச்சார் கற்று வளர்த்த இந்தக் கொள்கையை ஆசன வரிசைக்கு வெளியேயும் நீட்டலாம். எட்டு மணி நேர வேலையே ஓர் ஆசனம்தான். வீட்டில் செய்யும் பயிற்சி அதற்கு எதிராசனமாக அமைகிறதா? வேலை உடலிடமிருந்து எடுத்ததை அது திருப்பித் தருகிறதா?

மூன்றாவது இடப்பொருத்தம். இருக்கும் அறையில், இருக்கும் நேரத்தில், கூட இருப்பவர்களுக்கு இடைஞ்சலின்றிச் செய்ய முடிகிறதா?

நான்காவது மகிழ்ச்சி. இதைக் கடைசியில் வைப்பது முக்கியத்துவம் குறைவு என்பதால் இல்லை. மற்ற மூன்றையும் நாளடைவில் தாங்கி நிற்பது இதுதான் என்பதால். செய்யும்போது மனம் விரும்பாத பயிற்சி எவ்வளவு முழுமையானதாக இருந்தாலும் மூன்றாம் மாதத்தில் நின்றுவிடும். நின்றுவிட்ட முறைக்கு நிறைவு என்ற தகுதி இருந்து பயன் என்ன?

வேலை எடுப்பது என்ன

இந்த வட்டாரத்தில் உடலுழைப்பு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. இருங்காட்டுக்கோட்டையில் கார், சுங்குவார்சத்திரம் பக்கம் கைபேசியும் வீட்டுப் பயன்பாட்டு மின்பொருள்களும், ஒரகடத்தில் லாரியும் டயரும் உருவாகின்றன. ஷிஃப்ட் முறையில் இயங்கும் இந்தத் தொழிற்சாலைகளுக்குத் திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் பக்கத்திலிருந்து வந்த இளம்பெண்களும், பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வந்த இளைஞர்களும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார்கள்.

ஆனால் லைன் வேலை உடலைப் பயன்படுத்தும் விதம் குறுகலானது. ஒரே உயர மேசை, ஒரே கைவீச்சு, ஒரே பார்வைத் தொலைவு. நின்றபடி வேலை செய்பவருக்குக் கெண்டைக்காலில் ரத்தம் தேங்குகிறது, பாதம் கனக்கிறது, இடுப்பின் கீழ்ப்பகுதி இறுகுகிறது. நுண்பாகங்களைச் சோதிப்பவருக்குக் கழுத்து முன்னால் தொங்குகிறது, இமைப்பது குறைந்து கண் உலர்கிறது. விரலும் மணிக்கட்டும் ஓயாமல் இயங்க, தோளுக்கு மேலே கை உயர்வதே இல்லை. இதயத்தைத் தூண்டும் அளவுக்கு வேகம் இல்லை. தசையை வளர்க்கும் அளவுக்குச் சுமையும் இல்லை. ஆனாலும் களைப்பு முழுமையாக வந்துவிடுகிறது.

கோபன்ஹேகனைச் சேர்ந்த ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் உடலியக்கத்தின் முரண் என்று குறிப்பிடுவது இந்த நிலைக்கு அருகிலானது. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் இயக்கம் இதயத்துக்குத் தரும் நன்மையை, வேலையில் நீண்ட நேரம் கட்டாயமாகச் செய்யும் இயக்கம் தருவதில்லை. சில வேளை தீங்கும் செய்கிறது என்பது அவர் வாதம். அந்த வாதத்தின் அளவைப் பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்ந்தாலும், நாளெல்லாம் நிற்கிறாயே உனக்கு எதற்குத் தனியாக உடற்பயிற்சி என்ற கேள்விக்கு அது போதுமான மறுப்பு. 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு, 2022இல் இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும் போதிய உடலியக்கம் இல்லை என மதிப்பிட்டது. லைனில் நிற்கும் பெண்ணின் சிக்கல் இந்தக் கணக்குக்குள் முழுதாக அடங்குவதில்லை. அவளுக்கு இயக்கம் கிடைக்கிறது, ஆனால் அதன் அளவும் திசையும் வேகமும் அவள் கையில் இல்லை.

முறையும் அதன் கட்டமைப்பும்

எளியமுறை உடற்பயிற்சியின் உறுப்புகள் ஒன்பது. நின்றபடி தோளையும் கையையும் இயக்கும் கைப்பயிற்சி முதலில் வருகிறது. காலை நீட்டி உட்கார்ந்து கணுக்காலைச் சுழற்றி உள்ளங்காலை அழுத்தும் கால் பயிற்சி அடுத்தது. பின் நரம்பு தசை நார் மூச்சுப் பயிற்சி, கண் பயிற்சி, கபாலபாதி. அதன்பின் படுத்த நிலையில் முதுகெலும்பை முறுக்கியும் தளர்த்தியும் செய்யும் மகராசனம், இரண்டு பாகங்களாக. பிறகு உடலைத் தேய்த்துவிடுதல், அக்குபிரஷர், கடைசியில் உடல் தளர்த்துதல். பழகியவருக்கு எல்லாம் சேர்ந்து அரை மணிக்குச் சற்று மேலே ஆகும்.

இந்த வரிசையில் ஒரு சிந்தனை இருக்கிறது. நிற்றல், உட்கார்தல், படுத்தல் எனப் படிப்படியாகத் தரையை நோக்கி இறங்குகிறது. கை, கால் என்ற வெளியுறுப்புகளில் தொடங்கி, மூச்சு வழியே முதுகெலும்புக்குப் போய், கவனம் மட்டும் உடலெங்கும் நகரும் அசையாத நிலையில் முடிகிறது. எந்த உறுப்பும் அடுத்ததன் வேலையைக் கெடுப்பதில்லை. ஒரு முறையை வகுப்பவருக்குரிய மிகக் கடினமான பணி, எதை விடுவது என்று முடிவெடுப்பது. தலைகீழாக நிற்பது, காலைப் பின்னிக்கொள்வது போன்ற வித்தைகளை வேதாத்திரி முற்றாக விலக்கினார். அறுபது வயதுப் பாட்டியும் பள்ளிப் பிள்ளையும் ஒரே பாயில் செய்யக்கூடியதை மட்டும் வைத்துக்கொண்டார். எளிமை இங்கே சலுகை இல்லை, வகுத்தவரின் தேர்வு.

வரலாற்றுப் பின்னணியில் வைத்தால் இந்தத் தேர்வின் துணிவு தெரியும். டென்மார்க்கின் முல்லர் 1904இல் நாளுக்குப் பதினைந்து நிமிட முறையை வெளியிட்ட காலந்தொட்டு, வீட்டு உடற்பயிற்சியின் முன்மாதிரி கட்டுடல் கொண்ட இளம் ஆண்தான். மராட்டியப் பகுதியின் ஔந்து அரசர் பரப்பிய சூரிய நமஸ்காரமும் வலுவின் மொழியையே பேசியது. நம் ஊர்த் தேகப்பயிற்சிச் சாலைகளின் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் ஆண்களின் உலகமாகவே இருந்தன. களைத்த உடலை, நடுவயதை, வீட்டுப் பெண்களை முதன்மைப் பயனாளிகளாக எண்ணி ஒரு முறை வகுக்கப்பட்டது பெரிய திருப்பம். வேதாத்திரி 1958இல் தொடங்கிய உலக சமுதாய சேவா சங்கமும், பின்னர் ஊர்தோறும் எழுந்த மனவளக்கலை மன்றங்களும் அதைப் பரப்பிய வேகத்துக்கு இந்தத் திருப்பமே அடிப்படை.

நிறைகள்

இடப்பொருத்தத்தில் இந்த முறைக்கு முழு மதிப்பெண் தரலாம். அருகிலுள்ள வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் மகளிர் விடுதி வளாகத்தில் 18,720 பேர் தங்கலாம். ஓர் அறைக்கு ஆறு பேர். பிள்ளைப்பாக்கத்தைச் சுற்றியுள்ள வாடகை அறைகளிலும் நிலைமை இதைவிடத் தாராளமாக இருப்பதில்லை. ஓர் அறைக்குள் ஒருத்தி ஏ ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது இன்னொருத்தி சி ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்குகிறாள். குதிப்பும் தாளமும் இசையும் கேட்கும் எந்தப் பயிற்சிக்கும் அங்கே இடமில்லை. எளியமுறைக்குத் தேவை ஒரு பாய், கை விரிக்கும் இடம், மூச்சின் சத்தம். கபாலபாதியை மட்டும் வராந்தாவுக்கோ மாடிக்கோ எடுத்துப் போனால் போதும், தூங்குபவர் தூக்கம் கலையாது.

ஈடு என்ற அளவிலும் இது வியக்கத்தக்க அளவு வெல்கிறது. நின்று நின்று கனத்த பாதத்துக்குக் கால் பயிற்சி நேரடியான மறுமொழி. எடையை இறக்கிவிட்டு, காலைத் தரைக்கு இணையாக நீட்டி, கணுக்காலை அசைத்துக் கெண்டைக்கால் தசையை இயக்கும்போது தேங்கிய ரத்தம் மேலேறுகிறது. இதே அசைவுகளை அறுவை சிகிச்சைக்குப் பின் படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவர்களும் சொல்லித் தருகிறார்கள். தோளுக்கு மேலே போகாத கையைக் கைப்பயிற்சி மேலே கொண்டுபோகிறது. ஒரே திசையில் உறைந்த முதுகை மகராசனத்தின் முறுக்கு விடுவிக்கிறது. சூரிய நமஸ்காரத்தின் முன்வளைவு, பின்வளைவு வரிசையில் இல்லாத பக்கவாட்டு முறுக்கு இங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே தொலைவைப் பார்த்துச் சலித்த கண்ணுக்குக் கண் பயிற்சி ஓய்வு தருகிறது.

ஆனால் இதன் உச்சம் கடைசிப் பயிற்சியான உடல் தளர்த்துதல். இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவருக்கு உடல் களைத்திருக்கும், நரம்பு விழித்திருக்கும். பாதத்தில் தொடங்கி உச்சந்தலைவரை உறுப்பு உறுப்பாகக் கவனத்தை நகர்த்தித் தளர்த்தும் பயிற்சி, விழித்த உடலைப் பகல் உறக்கத்துக்குக் கைபிடித்து அழைத்துப் போகிறது. பெரும்பாலான உடற்பயிற்சி முறைகள் ஓய்வைப் பயிற்சிக்குப் பின் வரும் இடைவெளியாக எண்ணுகின்றன. வேதாத்திரி அதைப் பயிற்சியின் ஓர் உறுப்பாகவே வைத்தார். இந்த ஒரு முடிவுக்காகவே அவர் இந்தத் துறையின் முக்கிய வடிவமைப்பாளர்களில் ஒருவராக எண்ணப்பட வேண்டியவர்.

குறைகள்

இனி மறுபக்கம். முதல் குறை, சுமை இல்லாமை. ஒன்பது உறுப்புகளில் எதுவும் தொடை, புட்டம், மார்பு, முதுகின் பெரிய தசைகளை அவை பழகிய அளவுக்கு மேல் சோதிப்பதில்லை. தன் எடையைத் தானே தாழ்ந்து எழுந்து தூக்கும் ஓர் அசைவுகூட வரிசையில் இல்லை. தசையும் எலும்பும் சுமையைக் கண்டுதான் வளர்கின்றன. சுமை இல்லாத உடல் முப்பது வயதுக்குப் பின் மெல்லத் தேய்கிறது. உலக சுகாதார நிறுவனம் கேட்கும் வலுவூட்டலை இந்த முறை தரவில்லை. மூச்சிரைப்பையும் தரவில்லை. கபாலபாதி வயிற்றையும் மூச்சையும் வேகமாக இயக்கும், ஆனால் வேக நடைக்கு அது ஈடாகாது. ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சியும் இல்லை. நிறைவின் ஐந்து கூறுகளில் இரண்டை, வளைதலையும் ஓய்வையும், சிறப்பாக நிறைவேற்றி மூன்றை விட்டுவிடுகிறது.

இரண்டாவது குறை ஆழமானது: வளர்ச்சிப் படி இல்லாமை. முதல் மாதம் செய்ததையே பத்தாம் ஆண்டிலும் செய்ய வேண்டும். இங்கே கனடா விமானப்படைக்காக பில் ஆர்பன் 1950களில் வகுத்த ஃபைவ் பி எக்ஸ் முறையை ஒப்பிடுவது பயன்தரும். நாளுக்கு 11 நிமிடம், ஐந்து பயிற்சிகள், ஆறு அட்டவணைகள். ஒவ்வொரு படியையும் அடைந்தபின் அடுத்த படி. வயதுக்கேற்ற எல்லையும் உண்டு. அதன் சில அசைவுகள் முதுகெலும்புக்கு நல்லதல்ல என்று பின்னால் கண்டறியப்பட்டது. ஓய்வைப் பற்றி அது யோசிக்கவே இல்லை. அசைவுகளின் தேர்வில் வேதாத்திரி அதைவிட விவேகமானவர். ஆனால் உடல் கற்றுக்கொள்ளும், கற்றபின் மேலும் கேட்கும் என்ற உண்மையை அந்தக் கனடா முறை தன் அமைப்பிலேயே எழுதி வைத்திருந்தது. எளியமுறையில் அந்த ஏணி இல்லை.

மூன்றாவது, விளக்கத்தின் மிகை. ரத்த ஓட்டம், வெப்ப ஓட்டம், காற்றோட்டம் சீராவது, ஜீவகாந்தம் பெருகுவது என்று இந்த முறைக்குச் சொல்லப்படும் தத்துவ விளக்கம் ஒரு ஞானமரபின் மொழியில் பொருளுள்ளது. அது உடலியல் சான்றாகக் கற்பிக்கப்படும்போது சிக்கல் வருகிறது. அக்குபிரஷர் புள்ளிகளை அழுத்தினால் குறிப்பிட்ட உள்ளுறுப்பு சீராகும் என்பதும், கண் பயிற்சி பார்வைக் குறைபாட்டைப் போக்கும் என்பதும் நிறுவப்பட்டவை அல்ல. கண் தசையின் சோர்வு தீர்வது வேறு, கண்ணாடியின் பவர் குறைவது வேறு. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர் இந்த விளக்கத்தை நம்பி அதை நிறுத்தினால் கேடு விளையும். பயிற்சியின் மதிப்பு இந்த விளக்கத்தைச் சார்ந்தும் இல்லை. விளக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் கால் பயிற்சி கால் பயிற்சிதான். அதன் பலன் குறைவதில்லை.

நான்காவது, வரிசையின் இறுக்கம். ஒன்பதும் முழுதாகச் செய்ய வேண்டும் என்ற மரபு, ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்து பத்து நிமிடம் மட்டுமே மிஞ்சியவரை ஒன்றும் செய்யாமல் படுக்க வைக்கிறது. வேலைக்குப் போகுமுன் எது, வந்தபின் எது, விடுமுறையில் எது என்று பிரித்துத் தரும் வகுப்பு முறை இருந்திருந்தால் இந்த முறை தொழிற்பேட்டைக்குள் இன்னும் ஆழமாகப் போயிருக்கும்.

போட்டி முறைகள்

வேறு முறைகள் இந்த இடத்தை நிரப்புகின்றனவா? தண்டாலும் பஸ்கியும் எளியமுறையின் குறைகளுக்கு அப்படியே மறுதலை. தண்டால் நிலையில் உடல் எடையின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கை தாங்குகிறது. பஸ்கி உடலின் மிகப்பெரிய தசைகளை வேலை வாங்கி மூச்சையும் இரைக்க வைக்கிறது. இடமும் கருவியும் கேட்பதில்லை. எண்ணிக்கை தானே ஏணியாகிறது. குறை, அந்த எண்ணிக்கை வழிபாட்டிலேயே இருக்கிறது. நூறு, இருநூறு என்று கூட்டிக்கொண்டே போவது தாங்குதிறனை வளர்க்கும், வலுவை ஓர் எல்லைக்குமேல் வளர்க்காது. எட்டு மணி நேரம் நின்ற முழங்காலுக்கு அன்றைக்கே நூறு பஸ்கி கொடுப்பது எதிராசனம் ஆகாது, அதே ஆசனத்தின் நீட்சி. ஓய்வு பற்றிய சிந்தனை இந்த மரபில் இல்லை.

சூரிய நமஸ்காரம் இடைப்பட்டது. கையில் எடை விழுகிறது. வேகமாகச் செய்தால் இதயம் எழுகிறது. மூச்சோடு இணைந்த வரிசையின் அழகு மனத்தை இழுக்கிறது. தனியொரு வரிசையாக எடுத்தால் இது எளியமுறையைவிட நிறைவானது. ஆனால் கம்பி முறுக்கியும் திருகு திருகியும் சலித்த மணிக்கட்டுக்கு மேலும் எடை வைக்கிறது. முறுக்கு இல்லை, காலுக்கு ஆழ்ந்த சுமையும் இல்லை.

கைபேசிக் காணொளிகள் நம் காலத்தின் தேகப்பயிற்சிச் சாலை. வலுவூட்டல், வேகம், வகைமை என அவற்றின் இருப்பு பெரிது. தமிழில் பேசும் நல்ல பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். படிநிலை வகுத்துத் தரும் தொடர்களும் உண்டு. அந்த நிறையை மறுக்க முடியாது. எனினும் பெரும்பாலானவை குதிப்பைக் கேட்கின்றன. கல்நார்க் கூரையின் கீழ் ஏப்ரல் பிற்பகலில் குதிப்பது துன்பம். அதைவிட முக்கியமான குறை தாளம் பற்றியது. முப்பது விநாடி வேலை, பத்து விநாடி ஓய்வு என்று திரை விதிக்கும் கணக்கு, கன்வேயர் பெல்ட் விதிக்கும் கணக்கின் தங்கை. நாள் முழுக்க வேறொன்றின் வேகத்துக்கு உடலை ஒப்புக்கொடுத்தவர் வீட்டிலும் அதையே செய்ய நேர்கிறது.

அரசின் நடப்போம் நலம் பெறுவோம் திட்டம் 2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது. நோக்கம் சரியானது. ஆனால் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையோரங்களில், இருட்டிய பின் ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்ணுக்கு நடை என்பது துணையையும் வெளிச்சத்தையும் சார்ந்தது. வீட்டுப் பயிற்சியின் தேவை இங்கே அந்த அளவுக்குக் கூடுகிறது.

மகிழ்ச்சி எங்கே இருக்கிறது

உடற்பயிற்சியில் மகிழ்ச்சி இரண்டு வகை. ஒன்று இளைப்பாறுதலின் மகிழ்ச்சி: இறுகியது தளர்வது, கனத்தது இலேசாவது, மூச்சு தன் ஆழத்தைத் திரும்பப் பெறுவது. இது அன்றைக்கே கிடைக்கும். மற்றது வளர்ச்சியின் மகிழ்ச்சி: நேற்று முடியாதது இன்று முடிவது. சுவரில் கை ஊன்றித் தொடங்கியவள் ஒரு நாள் தரையில் ஒரு தண்டாலை முழுதாக எடுப்பது. இது காத்திருக்க வைக்கும், ஆனால் வந்தபின் தன்னைப் பற்றிய எண்ணத்தையே மாற்றும்.

லைன் வேலை இந்த இரண்டையும் மறுக்கிறது. இளைப்பாற இடைவேளை குறைவு. ஒரே அசைவில் தேர்ச்சி அடைந்தபின் கற்க எதுவும் இல்லை. ஆகவே வீட்டுப் பயிற்சி இரண்டு மகிழ்ச்சியையும் தர வேண்டும், அவளுடைய வேகத்தில் தர வேண்டும். எளியமுறை முதல் மகிழ்ச்சியை முழுமையாகத் தருகிறது. செய்பவரின் மூச்சே தாளமாக இருப்பதால் வேகத்தின் உரிமையையும் திருப்பிக் கொடுக்கிறது. இந்த நுட்பத்தில் மேலே பார்த்த எந்தப் போட்டி முறையும் இதை எட்டவில்லை. ஆனால் இரண்டாம் மகிழ்ச்சிக்கு அதில் வழியே இல்லை. இருபத்திரண்டு வயதுப் பெண் ஓராண்டு தவறாமல் செய்தாலும், போன ஆண்டைவிட வலுவானேன் என்று சொல்ல அவளுக்கு அந்த முறைக்குள் ஓர் அளவு கிடையாது.

நிறைவில் கண்ட குறையும் மகிழ்ச்சியில் காணும் குறையும் ஒரே வேரிலிருந்து வருவதை இங்கே கவனிக்க வேண்டும். சுமை கூடும் படிநிலை இல்லாததால் தசை வளரவில்லை. அதே காரணத்தால் வளர்ச்சியின் மகிழ்ச்சியும் பிறக்கவில்லை. உடலின் சமநிலையும் மனத்தின் ஈடுபாடும் இரண்டு தனித் தேவைகள் என்று எண்ணி, ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்கலாம் என்று கருதும் முறைகள் இங்கேதான் தவறுகின்றன.

தீர்ப்பு

எளியமுறை உடற்பயிற்சி தளர்த்தும் கலையில் முதிர்ந்தது. கட்டும் கலைக்குள் அது இறங்கவே இல்லை. உழைத்துக் களைத்த உடலுக்கான மீட்புமுறை என்ற அளவில் தமிழில் இதற்கு இணை இல்லை. அதன் கட்டமைப்பு ஒத்திசைவானது, தேர்வு விவேகமானது, இடப்பொருத்தம் முழுமையானது. முழுமையான உடற்பயிற்சி முறை என்ற உரிமைகோரல் மட்டும் நிலைக்காது. ஐம்பதைத் தாண்டிய, வீட்டுவேலையும் வயல்வேலையும் வேண்டிய மட்டும் சுமை தந்துகொண்டிருந்த தலைமுறைக்கு இது போதுமானதாக இருந்திருக்கலாம். சுமையற்ற களைப்பைத் தரும் இன்றைய தொழிற்சாலைக்குப் போதாது.

ஆகவே இதை விட்டுவிட வேண்டாம், இதோடு நின்றுவிடவும் வேண்டாம். ஷிஃப்ட் முடிந்த நாள்களில் கால் பயிற்சி, மகராசனம், உடல் தளர்த்துதல் மூன்றும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தன்னளவில் நிறைவான அலகு. வேலைக்குக் கிளம்புமுன் கைப்பயிற்சியும் கண் பயிற்சியும் போதும். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் கபாலபாதியை விலக்கட்டும். வாரத்தில் இரண்டு நாள், அதில் ஒன்று விடுமுறையாக இருக்கட்டும், கட்டும் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். சுவரில் தொடங்கி, கட்டில் விளிம்புக்கு இறங்கி, கடைசியில் தரைக்கு வரும் தண்டால். நாற்காலியில் உட்கார்ந்தெழுவதில் தொடங்கி ஆழமாகும் பஸ்கி. பாதித் தண்ணீர் நிரப்பிய கேனைக் குனிந்து இடுப்பை நோக்கி இழுப்பது. குதிகாலை உயர்த்துவதும் ஒற்றைக்காலில் நிற்பதும். கேனில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போகலாம். வேதாத்திரி வைக்காத ஏணி இதுதான். மூச்சிரைப்புக்கு விடுதியின் மாடிப்படிகள் இருக்கின்றன. வெளிச்சமும் துணையும் உள்ள நாளில் வேக நடை. இவற்றின் முடிவிலும் வேதாத்திரியின் உடல் தளர்த்துதலே வர வேண்டும், அதைவிடச் சிறந்த முடிவு வேறு எந்த முறையிலும் இல்லை.

இந்தச் சேர்க்கையைக் கலப்படம் என்று மரபுவாதிகள் சொல்லக்கூடும். வேதாத்திரி தாமும் ஆசனம், மூச்சுப் பயிற்சி, சித்த மருத்துவ அறிவு, அக்குபிரஷர் என்று பலவற்றிலிருந்து எடுத்து, தம் காலத்து வீட்டுக்கு ஏற்ப வெட்டிச் சேர்த்தவர்தான். அவர் முறையின் உயிர், யாருக்காக வகுக்கிறோமோ அவருடைய உடலையும் நாளையும் முதலில் பார்ப்பது. அந்தக் கொள்கைக்கு உண்மையாக இருப்பவர், பட்டியலின் ஒன்பது உறுப்புகளைக் காப்பதைவிட, இன்று லைனில் நிற்பவளின் உடலுக்குக் குறைவது எது என்று கேட்பதையே முதன்மையாகக் கொள்வார். மனவளக்கலை மன்றங்களின் பயிற்றுநர்கள் இந்த வேலைக்குத் தகுதியானவர்கள். கற்பிக்கும் பொறுமையும் ஊர்களுக்குள் போகும் வழியும் அவர்களிடம் இருக்கின்றன. பட்டியலில் பத்தாவதாக வலுவைச் சேர்த்து, வகுப்பை ஷிஃப்ட் நேரத்துக்கு ஏற்பப் பிரித்துத் தந்தால், தமிழில் பிறந்த இந்த முறை தன் சொந்த மாவட்டத்துத் தொழிலாளிக்கு முழுதாகப் பயன்படும். அதுவரை அதற்குரிய இடம் இது: சிறந்த பாதி. மற்றப் பாதியைச் செய்பவரே கட்டிக்கொள்ள வேண்டும்.